கார் லிஃப்டில் தண்ணீர் குடித்த நாள்

"தண்ணி குடிச்சிட்டோ வந்தனீங்கள்?" என்று கேட்டார் டாக்டரம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். படுத்திருந்தபடியே இல்லை என்று தலையாட்டினேன்.

அன்று நடந்தது கரு மாற்றும் சிகிச்சைக்கான ஒத்திகை. கரு இல்லாமல் வெறும் கதீட்டரை (கருவைக் கருப்பைக்குள் சேர்க்கும் மெல்லிய குழாய்) மட்டும் செலுத்திப் பார்ப்பார்கள். என் கருப்பை வாய் வழிவிடவே இல்லை. நான் போட்ட கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்த என் கணவர் செல்வம் எழுந்து நின்றுவிட்டாராம்.

வழி குறுகல். போதாததற்குக் கருப்பை முன்பக்கமாக மடங்கியிருந்தது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அந்த மடிப்பு சற்று நிமிரும். அதற்காகத்தான் தண்ணீர் குடித்து வரச் சொல்லியிருந்தார்கள். நானோ அஜ்மானில் குடியிருந்து துபாயில் வேலை பார்ப்பவள். கார் லிஃப்டில் (மாதக் கட்டணத்துக்குப் பலர் சேர்ந்து போகும் வண்டி) ஏறினால், நெரிசலில் எப்போது போய்ச் சேருவோம் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். நடுவில் நிறுத்தச் சொல்ல வெட்கம். அதனால் காலையில் தண்ணீரைத் தொடவே மாட்டேன். அன்றும் பழக்கதோஷத்தில் ரெண்டு மடக்கோடு நிறுத்திக்கொண்டேன். என்ன புத்தியோ!

எங்களுக்கென்று உறையவைத்திருந்தது ஒரே ஒரு கரு. மறுபடி முதலிலிருந்து ஊசி போட்டுக்கொள்ள என் உடம்பில் தெம்பில்லை.

"இதுவும் போச்சுன்னா அவ்வளவுதாங்க," என்று அழுதேன்.

"போவாது. நீ மொதல்ல அழுவாத," என்றார் செல்வம்.

அடுத்த மாதம் மயக்க மருந்து கொடுத்து, ஹிஸ்டரோஸ்கோப்பி (கருப்பைக்குள் கேமரா செலுத்திப் பார்ப்பது) செய்து, வழியை விரித்தார்கள். எந்த இடத்தில் வளைகிறது என்பதையும் டாக்டரம்மா பார்த்து வைத்துக்கொண்டார்.

"பாதை தெரிஞ்சிட்டுது. இனி தண்ணி குடிக்கிறது உங்கட வேலை," என்று சிரித்தார்.

கரு மாற்றும் நாளில் செல்வம் ஜெபல் அலி டூட்டிக்கு லீவு போட்டார். ஆஸ்பத்திரி என் ஆபீஸ் பக்கம்தான் என்பதால் வழக்கமான வண்டியிலேயே போனோம். "குடி, குடி" என்று பாட்டிலை நீட்டிக்கொண்டே வந்தார். ஷார்ஜாவில் வண்டி அசையாமல் நின்றது. எனக்கு அடிவயிறு வெடித்துவிடும்போல் இருந்தது. நான் நெளிவதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர் பாய், நிறுத்தவா என்று ஹிந்தியில் கேட்டார்.

"மாஃபி, பாய்! யல்லா, யல்லா!" என்று, நிறுத்த வேண்டாம், சீக்கிரம் போகட்டும் என அரபியில் அலறினேன். வண்டியே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

டாக்டரம்மா வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்ததுமே, "ஆ, வடிவா நிறைஞ்சிருக்கு," என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். குழாய் போனதே தெரியவில்லை. திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்து நின்றது.

"வச்சாச்சு."

"அவ்வளவுதானா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

உங்களிடமும் 'வழி கடினம்' என்று சொன்னால், உடம்பைத் திட்டாதீர்கள். ஒத்திகை உண்டா என்று கேளுங்கள். வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். வேறு முறைகள் இருக்கின்றன.

எனக்கு இப்போது ஆறாம் மாதம். பிள்ளை சிறுநீர்ப்பை மேலேயே சம்மணம் போட்டிருக்கிறது. தினமும் பெட்ரோல் பங்க் வந்ததும், "பாய், ரோக்கோ!" என்று வண்டியை நிறுத்தும்படி நானே உரக்கச் சொல்கிறேன். கையில் தண்ணீர் பாட்டிலோடு, ஆடி அசைந்து திரும்பி வருகிறேன். ஆபீஸுக்கு நேரமாகிறதே என்று யாரும் முணுமுணுப்பதில்லை. முணுமுணுத்தாலும் காத்திருக்கட்டும். இறங்கிப் போயிருப்பது ரெண்டு பேர்.