இடது காதில் அருவி

மதராஸில் கடற்படைத் தேர்வுக்கு வந்திருந்த டாக்டர், தன் கடிகாரத்தை என் இடது காதருகே பிடித்தார். அதன் டிக்டிக் எனக்குக் கேட்கவில்லை. குற்றாலத்து அருவியின் இரைச்சல்தான் கேட்டது.

அந்த அருவியில் நிற்கத் தொடங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். கடற்படை அதிகாரியாகிக் கப்பலிலிருந்து விமானம் ஓட்டப்போகிறேன் என்றபோது, தென்காசியில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர்: ஹவில்தார் அண்ணாச்சியும், கப்பலில் கரி அள்ளிப்போட்ட மாடசாமி அண்ணாச்சியும். இருவரும் முதல் மகாயுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர்கள்.

"இஞ்சின் சத்தத்துல காது அடைச்சுப் போவும்லே. இப்பமே பழக்கணும்," என்றார் ஹவில்தார்.

வருஷந்தோறும் சாரல் காலம் முழுக்க, தலையில் எண்ணெய் வழிய, என்னைப் பேரருவிக்குக் கீழே நிறுத்துவார்கள். தண்ணீர் காதில் அறையும்.

"பய அழுவுதான்வே," என்பார் மாடசாமி அண்ணாச்சி.

"அது அருவித் தண்ணிவே. உமக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு. ஏலே பைலட்டு, அசையாத!"

ஒருநாள் காதில் சீழ் வடிந்தது. அம்மா பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். அண்ணாச்சிகளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் பயிற்சியை நிறுத்திவிடுவார்களே என்று பயம்.

டாக்டர் கடிகாரத்தைப் பையில் போட்டார். "செவிப்பறை கிழிஞ்சிருக்கு தம்பி. நீ பறக்க முடியாது."

தென்காசி ஸ்டேஷனில் இருவரும் பழைய மெடல்களைக் குத்திக்கொண்டு காத்திருந்தார்கள்.

"என்னலே சொன்னாங்க?"

"கண்பார்வை பத்தலைன்னுட்டாங்க, அண்ணாச்சி."

ஹவில்தார் தன் மெடலைக் கழற்றினார். பிறகு மாடசாமி அண்ணாச்சியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"காதைப் பழக்கினோம்வே. கண்ணை விட்டுட்டோமே."