ஒரு ஜாடி மூச்சு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர் எழுதிய பாட்டை முப்பது பேர் மேடையேறிப் பாடப் போகிறார்கள் என்றால் சும்மாவா? கண்ணாடிப் பட்டறையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஊதுகுழாயை வாயில் வைத்தால் ஒரே மூச்சுதான். முழு ஜாடியும் எழும்பி நிற்கும். ஆண்டு விழாப் பாட்டையும் அந்தக் கணக்கிலேயே கட்டினார். ஒரு ஜாடிக்கு ஓர் அடி. ஊதி முடிக்கிற நேரத்துக்குள் மனசுக்குள் பாடிப் பார்த்தார், கனகச்சிதம். அழைப்பிதழில் அவர் பெயரும் அச்சேறிவிட்டது.

ஒத்திகையில்தான் மானம் கப்பலேறியது. பாட வேண்டியவர்கள் பார்சல் கட்டும் பெண்கள். முன்வரிசையில் அவர் மனைவி.

“நெருப்பின் நெஞ்சில் பூத்தெழுந்த கண்ணாடிப் பூக்களுக்குள் எங்கள் நெற்றியின் வியர்வைத்துளி மின்னுதே…”

‘பூக்களுக்குள்’ வருவதற்குள் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கியது. மீதிப் பேர் மின்னுவதற்கு முன்பே அணைந்துபோனார்கள்.

மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “அண்ணே, சாயங்காலம் விழா. மூணு மணிக்குள்ள சரியா வரலேன்னா ரெக்கார்டு பாட்டுதான்.”

சட்டைப்பையிலிருந்த அழைப்பிதழ் அவரைச் சுட்டது. “சோத்துல உப்புப் போட்டுத்தானே தின்றீங்க?” என்று பெண்கள்மேல் எரிந்து விழுந்தார்.

மனைவி இடுப்பில் கைவைத்தாள். “ஏங்க, உங்க நெஞ்சுக்குள்ள துருத்தி இருக்கு. நாங்க எங்க போறது? இதுல பூக்களுக்குள்ளாம்! நாக்கு கல்லுல இடறுது.”

“அக்கா, மாமாவைப் பார்சல் கட்டிக்கிட்டே பாடச் சொல்லு” என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

ரோஷத்தில் உட்கார்ந்துவிட்டார். பாடிக்கொண்டே ஜாடியைக் காகிதத்தில் சுற்றி, பெட்டிக்குள் குனிந்தார். குனிந்ததும் பாட்டு அறுந்தது. நிமிர்ந்து வாயைத் திறந்தபோதுதான் வந்தது. மூன்றாவது ஜாடியில் சங்கதி பிடிபட்டது.

பென்சிலை எடுத்தார். வாய் திறந்தபடியே முடிகிற சொல்லில் அடியை நிறுத்தினார். அங்கே இழுக்கவும் செய்யலாம், மூச்சும் எடுக்கலாம். ‘நெஞ்சு’ போனது. ‘நெற்றி’யை வெட்டும்போது மட்டும் கை தயங்கியது. அவர் கர்வப்பட்ட இடம் அது. வெட்டினார்.

“நெருப்பிலே பூத்த பூவே
எங்க வேர்வை மின்னுதே…”

முப்பது பேரும் ஒரே குரலாக எழுந்தார்கள். இரண்டாம் முறை பாடும்போது வாசலில் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மேற்பார்வையாளர் முணுமுணுத்தபடியே ரெக்கார்டைப் பெட்டிக்குள் வைத்தார்.

“இப்ப இது யாரு பாட்டு?” என்று மனைவி சீண்டினாள்.

“என்னோடதுதான். உன் மூச்சு அளவுக்குப் பிடிச்சுத் தச்சிருக்கேன்.”

“அளவு கொடுத்தது நான்” என்று சொல்லிவிட்டு, அவள் மேடைப் புடவை மாற்றப் போனாள்.