விசுவாச மந்திரமும் ஏழு பாகத் தண்ணீரும்

போன வியாழக்கிழமை வள்ளத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

தண்டல் மைதீன் அண்ணாச்சி. காயல்பட்டினத்துக்காரர். வள்ளம் அவருடையது. சுக்கானும் அவர் கையில்.

வேதமாணிக்கம். நாசரேத்துக்காரர். சங்கு ஆபீஸ் கிளார்க். கடலடியில் சங்கு எப்படிக் கிடக்கிறது என்று எழுதிக்கொண்டு போக வந்தவர். கையில் வாட்ச் உண்டு.

இன்னாசி. புன்னைக்காயல். என்னைப் போல் சங்கு குளிக்கிறவன். தினம் பூசைக்குப் போகிறவன்.

தொம்மை. என் பெண்டாட்டியின் தம்பி. இன்னாசியும் நானும் மாறி மாறிக் குளிப்போம். இரண்டு பேருக்கும் கயிறு பிடிப்பது அவன்தான்.

அப்புறம் நான்.

கயிறு பிடிப்பதைப் பற்றி முன்பே ஒரு தரம் எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக மறுபடியும் சொல்லிவிடுகிறேன். சுருக்கமாகத்தான்.

இடுப்பில் கயிறு. காலடியில் கல். கல்லோடு இறங்க வேண்டும். ஏழு பாகம் — அதாவது ஏழு ஆள் ஆழம். அடியில் இருக்கிறவனுக்கு நேரம் தெரியாது. ஒரு சங்கைக் கண்டால் கண் அடுத்த சங்கைத் தேடும். மூச்சு தீர்ந்தது கடைசியில்தான் தெரியும். தெரிந்த பிறகு ஏழு ஆள் உயரம் ஏறியாக வேண்டும். ஏற முடியுமா?

அதனால் மேலே இருக்கிறவன் நேரம் பார்க்கிறான். நேரமானதும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். 'போதும், வா' என்று அர்த்தம். நான் உதைத்து எழும்புவேன். அவன் இழுப்பான்.

தொம்மையிடம் வாட்ச் கிடையாது. அவன் கணக்கு விசுவாச மந்திரம். கத்தோலிக்கருக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் பிதா. அடுத்து சுதன், அதாவது சேசுநாதர். அவர் பிறந்தது, பாடுபட்டது, இறந்தது, எழுந்தது எல்லாம் வரிசையாக வரும். பிறகு பரிசுத்த ஆவி, சபை, நித்திய ஜீவியம், ஆமென். நிதானமாக ஒரு தரம் சொல்வான். ஆமென் வந்தால் சுண்டு வரும்.

எட்டு வருஷமாக இப்படித்தான். வேதமாணிக்கம் ஒரு நாள் வாட்ச்சை வைத்துப் பார்த்தார். சரியாக அறுபது செக்கண்டு. மறு தரமும் அறுபது.

"இவன்கிட்ட என் வாட்ச் தோத்துரும்" என்றார்.

இந்தத் தொம்மைக்கு இரண்டு மாதமாக ஒரு சீக்கு. படிப்புச் சீக்கு.

எங்கள் திரேஸ்புரத்துக்கு ஒருவர் சைக்கிளில் வந்தார். பை நிறையச் சின்னப் புத்தகங்கள். யார் அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. தொம்மை ஒன்றை வாங்கினான். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தான். சேசுநாதர் சர்வேசுரனுடைய மகன், ஆனால் சர்வேசுரன் அல்ல என்று அதில் இருந்தது. ஆதாரமும் வேதத்திலிருந்தே காட்டியிருந்தது.

படித்தவன் சும்மா இருந்தானா? எங்களிடம் கேட்டான். அன்றிலிருந்து எங்கள் வள்ளத்தில் இதே பேச்சு. வியாழக்கிழமையும் நங்கூரம் போடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

"ஏலே தொம்மை, இன்னைக்கு சேசு யாருலே?" — இன்னாசி கிண்டினான்.

"நேத்து யாரோ அவருதான் அண்ணே. மகன். அப்பன் வேற, மகன் வேற."

"மகன் அப்பனுக்குச் சமம்லே."

"உங்க மகன் உங்களுக்குச் சமமா?"

"என் மகனா? அவன் என்னைவிட ரெண்டு பங்கு திங்கான்."

தண்டல் சிரித்தார். தொம்மை சிரிக்கவில்லை.

"குருசுல தொங்கயில சர்வேசுரனைக் கூப்பிட்டாருல்லா? ஏன் கைவிட்டீருன்னு கேட்டாருல்லா? தன்னைத்தானேயா கேட்டாரு?"

"மனுஷனா இருந்து கேட்டாரு" என்றார் வேதமாணிக்கம். "அவரு முழுக்க மனுஷன். முழுக்க தேவனும் அவரே."

"ஒரே ஆளு எப்படி ஐயா முழுக்க முழுக்க ரெண்டா இருப்பாரு? இந்த வள்ளம் முழுக்க வள்ளமாவும் முழுக்க மாட்டுவண்டியாவும் இருக்குமா?"

"அது தேவ ரகசியம் தொம்மை."

"ரகசியம்னா... எனக்கு மட்டும் தெரியலையா, எல்லாருக்குமே தெரியலையா?"

இன்னாசி விடவில்லை.

"காத்தையும் கடலையும் அதட்டி அடக்குனாருல்லா? மனுஷனால முடியுமாலே?"

"சீடரு ராயப்பர்கூட ரெண்டு எட்டு தண்ணி மேல நடந்தாரு. அவரும் சர்வேசுரனா?"

"அவருதான் ரெண்டாவது எட்டுல முங்கிட்டாரே!"

தண்டல் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "நாங்க ஈசா நபின்னு மரியாதையாச் சொல்லி நிறுத்திக்கிடுதோம். நீங்க மேல ஏத்தி வச்சிட்டு, இப்ப இறக்கணுமா வேண்டாமான்னு அடிச்சிக்கிடுதிய. நல்லா இருங்க வே. முதல்ல நங்கூரத்தைப் போடுங்க."

போட்டோம். என் முறை. கல்லில் கால் வைத்தேன். இறங்கினேன்.

தண்ணீர் தெளிவு. மணல் வெளுத்துக் கிடந்தது. ஒரு சங்கு. இரண்டு. மூன்றாவது கொஞ்சம் தள்ளி, பாதி மணலுக்குள். சுண்டு இன்னும் வரவில்லை. அப்படியானால் நேரம் இருக்கிறது. போனேன். எடுத்தேன். நாலாவதும் தெரிந்தது. சுண்டு வரவில்லை.

காதுக்குள் இடி. நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. மேலே போ என்றது. ஆனால் சுண்டு வரவில்லையே? எட்டு வருஷம் தப்பாத சுண்டு. என் நெஞ்சை நம்பவில்லை. கயிற்றை நம்பினேன்.

நாலாவதை எடுத்த பிறகு நானே கயிற்றை இழுத்தேன். தொளதொளவென்று கைக்கு வந்தது. அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது.

மேலே நடந்ததை நாலு பேரும் பிறகு நாலு விதமாகச் சொன்னார்கள். ஒத்துப்போனதை மட்டும் எழுதுகிறேன்.

தொம்மை மந்திரத்தை ஆரம்பித்திருக்கிறான். பிதாவைத் தாண்டியிருக்கிறான். சுதனிடம் வந்த நேரத்தில் வேதமாணிக்கத்துக்கு ஒரு நியாயம் ஞாபகம் வந்துவிட்டது.

"தொம்மை, உன் பேருக்காரர் தோமா காயத்தைத் தொட்டாரே, உடனே என்ன சொன்னார்? ஆண்டவரேன்னு மட்டுமா? தேவனேன்னும் சொன்னாரா இல்லையா? இயேசு அதை மறுத்தாரா?"

தொம்மை மந்திரத்தை நிறுத்தினான். யோசித்தான்.

"அவரு தொட்டுப் பாத்தாரு ஐயா. என் கையில என்ன இருக்கு?"

அவன் கையில் என் கயிறு இருந்தது.

இன்னாசி அதற்கு ஒரு பதில் சொன்னான். கிளார்க் அதற்கு மேல் ஒன்று சொன்னார். வாட்ச் அவர் கையிலேயே இருந்தது. யாரும் பார்க்கவில்லை. தண்டல் ஒருத்தர்தான் தண்ணீரைப் பார்த்தார்.

"ஏலே, குமிழி எங்கலே? கயிறு! கயித்தை இழுங்கலே!"

இழுத்துப் போட்டார்கள். மூக்கில் ரத்தம். தண்ணீர் கக்கினேன். கண்ணைத் திறந்தபோது தொம்மையின் முகம் தெரிந்தது. வெளுத்திருந்தது. "அத்தான்" என்றான்.

கடவுளைப் பற்றி நியாயம் பேச நிறைய மூச்சு வேண்டும். மேலே இருந்தவர்களிடம் அது தாராளமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தோம். என் பெண்டாட்டி மரியம்மை என் மூக்கைத் துடைத்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"ஏலே, சேசு யாருன்னு நீ நிதானமா கண்டுபிடி. நான் வேண்டாங்கல. இவுக தண்ணிக்குள்ள இருக்கயில கண்டுபிடிக்காத."

காது அடைத்திருந்தது. மூன்று நாள் கடலுக்குப் போகவில்லை. சும்மா இருக்க முடிகிறதா? கோயிலிலிருந்து சுங்கத் துறை வரை நடப்பேன். திரும்பி நடப்பேன். பீடி பற்ற வைப்பேன், பாதியில் போடுவேன். தீப்பெட்டி கிடைக்காத காலத்தில் இது கொழுப்புதான். தெரிந்தே செய்தேன்.

சனிக்கிழமை இன்னாசி வந்தான். உட்காரவில்லை.

"வே சூசை, ஒண்ணு அவன் மந்திரத்தை முழுசாச் சொல்லட்டும். இல்ல, கயித்தை விடட்டும். விசுவாசம் இல்லாதவன் கையில என் உசிரைக் குடுக்க மாட்டேன். வேற வள்ளத்துலயும் குடுக்க விட மாட்டேன்."

"அன்னைக்கு நீயும்தான் பேசின."

"பேசினேன். பேசினது தப்புதான். ஆனா கயிறு என் கையில இல்லையே?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்னாசி சொன்னால் திரேஸ்புரம் முழுக்கக் கேட்கும். தொம்மையால் குளிக்க முடியாது. சின்ன வயசிலேயே காதில் ஓட்டை. கயிறு போனால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. அவன் பிடித்தால் என் உயிர் போகுமோ என்னவோ. இரண்டில் எது? நான்தான் சொல்ல வேண்டும்.

தொம்மை வீட்டுக்குப் போனேன். கயிற்றுக்குப் புரி போட்டுக்கொண்டிருந்தான்.

"மந்திரம் வருதா?"

"வருது அத்தான். அங்கன வந்ததும் நாக்கு நின்னுருது."

"சும்மா அளவுக்குச் சொல்லேன். அர்த்தம் பாக்காம."

"எட்டு வருஷம் அப்படித்தான் சொன்னேன். இப்ப அர்த்தம் தெரிஞ்சு போச்சே... எப்படிச் சொல்ல?"

எனக்கு ஒரு யோசனை வந்தது. "அப்ப சுதனை விட்டுட்டு மிச்சத்தைச் சொல்லு."

அவன் சொல்லிப் பார்த்தான். பிதா. பரிசுத்த ஆவி. சபை. ஆமென்.

"முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு அத்தான்."

நான் அடிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும் போலிருந்தது. பிறந்தது, பாடுபட்டது, இறந்தது, எழுந்தது — மந்திரத்தின் நீளமெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது. அவரை எடுத்தால் ஒரு சங்குகூடக் கிடைக்காது.

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். கோயில் நிறைய ஜனம். எல்லோரும் மந்திரம் சொன்னோம். நாலு வயசிலிருந்து சொல்கிறேன். ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்றைக்கு அந்த இடம் வந்தது. நான் நிற்கவில்லை, சொல்லிவிட்டேன். ஆனால் அங்கே ஒருவன் நிற்க முடியும் என்பது முதல் தடவையாகத் தெரிந்தது. தெரிந்த பிறகு தெரியாமல் இருக்க முடியுமா? பூசை முடியும் வரை கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

திங்கட்கிழமை கடலுக்குப் போனோம். அதே ஐந்து பேர். நங்கூரம் விழுந்தது.

"சொல்லச் சொல்லு" என்றான் இன்னாசி. என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

தொம்மை எழுந்து நின்றான். ஆரம்பித்தான். பிதாவைத் தாண்டினான். சுதனிடம் வந்தான். நின்றான்.

காத்திருந்தோம். வள்ளத்தின் பக்கவாட்டில் அலை அடித்தது.

"இல்லன்னு நான் சொல்லல அண்ணே. ஆமான்னு சொல்லவும் வாய் வரல. எனக்குத் தெரியல. தெரியாததைத் தெரியும்னு சொல்லிட்டு, அதே வாயால அத்தான் உசிருக்குக் கணக்கு வைக்கவா?"

"பாத்துக்கோ வே" என்றான் இன்னாசி. முன்பக்கம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். "நான் குளிக்கல."

தண்டல் என்னைப் பார்த்தார். "தண்ணிக்குள்ள போறவன் நீ. நீ சொல்லு வே. வள்ளத்தைத் திருப்பவா?"

தொம்மை ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. பிழைப்பு தப்பியிருக்கும். இன்னாசியும் சந்தோஷப்பட்டிருப்பான். அவன் சொல்லவில்லை. அப்படிப்பட்டவன் கையில் கயிறு இருப்பது நல்லதா? கெட்டதா? இதை எழுதுகிற இந்த நேரம் வரைக்கும் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை.

இடுப்பில் கயிற்றைக் கட்டினேன். மறு முனையை அவனிடம் கொடுத்தேன்.

"அத்தான்... வேற யாரையாவது பிடிக்கச் சொல்லுங்க."

"நம்பர் எண்ணு."

"எத்தனை வரைக்கும்?"

"அறுபது. அறுபதுல சுண்டு. வேற எதுக்கும் வாயைத் திறக்காத."

வேதமாணிக்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தண்டல் முறைத்தார். மூடிக்கொண்டார்.

இறங்கினேன்.

காதில் வலி. ஆனாலும் போனேன். மணல் தெரிந்தது. பாசி. ஒரு கல். கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு சங்கு. பெரியது. கை நீட்டினேன். விரல் பட்டது.

சுண்டு வந்தது. ஒன்று அல்ல. இரண்டு. மூன்று. அப்புறம் சுண்டும் இல்லை. ஒரே இழுப்பு. சங்கு விரலிலிருந்து நழுவியது. தலை மேலே வந்துவிட்டது. வெறுங்கை. நெஞ்சில் பாதி மூச்சு மிச்சம் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"எத்தனைலே எண்ணின?"

தொம்மையின் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. கயிற்றை அவன் விடவில்லை.

"இருபத்தேழு."