பின்வாசல் என்ற ஒரு சொல்

பந்தல்குடியைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், தூத்துக்குடிச் சாலையை ஒட்டியே இருக்கிறது எங்கள் ஊர்ப் பள்ளி. கேட்டை விட்டு இரண்டு எட்டு வைத்தால் தார்ச்சாலை. லோடு லாரிகளுக்கு அங்கே ஓய்வே கிடையாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, மணி அடித்ததும் வெளியே வந்த மூன்றாம் வகுப்பு தர்ஷினியின் புத்தகப் பை, ஒரு லாரியின் பக்கக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. பழைய பை. வார் அறுந்தது. பை போயிற்று... பிள்ளை தப்பினாள்.

முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் மறுநாளிலிருந்து ஹாரன் கேட்டாலே அவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். தையல் வேலை பார்க்கும் அவள் தாய் செல்வி, எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிவந்து கேட்டுக்குள் விட்டுச் செல்வதை ஊரே பார்த்தது. விரைவில் அதுவும் நின்றது. சாலை கண்ணில் பட்டதுமே பிள்ளை அழத் தொடங்கிவிடுவாள்.

தலைமையாசிரியை பெற்றோர் மீட்டிங் கூட்டினார். முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் என்ற முறையில் எனக்கும் அங்கே ஒரு நாற்காலி.

வேகத்தடைக்கு மனு கொடுத்தாயிற்று. அது வரும்போது வரட்டும். அதுவரை? தலைமையாசிரியை சொன்ன வழி எளியது. பள்ளியின் பின்சுவரில் பூட்டிக் கிடக்கும் இரும்புக் கதவு ஒன்று உண்டு. அது திறப்பது தெற்குத் தெருவில். அங்கே ஆட்டுக்குட்டிகளைத் தவிர வேகமாக ஓடுவது எதுவுமில்லை.

"பிள்ளைகள் இனிமேல் பின்வாசல் வழியாக வரட்டும்" என்றார்.

அந்த ஒரு சொல்தான்... கூட்டத்தின் முகமே மாறிவிட்டது.

நிலபுலன் உள்ள வேலுச்சாமி முதலில் எழுந்தார். "டீச்சர், நல்லது கெட்டதுக்கு முன்னால நிக்கிற குடும்பம் எங்களது. எம்பேரன் பின்வாசல்ல நுழைஞ்சா நாளைக்கு எவன் மதிப்பான்?"

வேலுச்சாமியை மறுத்துப் பேசுவார் என்று நான் எதிர்பார்த்தது முனியாண்டியை. கூலி வேலை செய்து மகளைப் படிக்கவைப்பவர். அவரும் எழுந்தார்.

"எங்கய்யா காலம்பூரா இவுக வீட்டுப் பின்வாசல்ல நின்னுதான் கூலி வாங்குனாரு. எம்மகளுக்குப் பள்ளிக்கூடத்துலயும் பின்வாசலா? அவ முன்வாசல் வழியாத்தான் போவா."

"பாத்தீகளா, முனியாண்டியே சொல்றாரு" என்றார் வேலுச்சாமி.

"ஒங்ககூடச் சேந்து சொல்லல" என்றார் முனியாண்டி.

சிரிப்பு எழுந்து அடங்கியது. வேலுச்சாமியின் பேச்சை வீம்பு என்று தள்ளிவிடலாம். முனியாண்டியின் பேச்சை எப்படித் தள்ளுவது?

அப்போதுதான் செல்வி பேசினார். "எனக்கு எந்த வாசலும் சரிதாங்க. கொஞ்ச நாளைக்குத் தொறந்து பாருங்க. இல்லேன்னா டி.சி. குடுத்துருங்க. மல்லாங்கிணத்துல எங்கக்கா வீட்டுல விட்டுப் படிக்க வைக்கிறேன். அங்க பள்ளிக்கூடம் தெருவுக்குள்ள இருக்கு. என்ன... நானில்லாம அவ ஒரு ராத்திரி தூங்குனதில்ல."

"அவசரப்படாத தாயி. அடுத்த மீட்டிங்ல பேசுவோம்" என்றார் வேலுச்சாமி.

நாகரிகமான கூட்டங்களில் யாரும் 'முடியாது' என்பதில்லை. 'அடுத்த மீட்டிங்' என்பார்கள். ஊர் இரண்டுபட வேண்டாமே என்று நானும் அதற்கு உடன்பட்டேன். செல்வி அந்த வாரமே டி.சி. வாங்கினார்.

அடுத்த மீட்டிங் நடக்கவேயில்லை. காத்திருந்து சலித்த தலைமையாசிரியை, ஒரு விடுமுறை நாளில் பெயின்டரை வரவழைத்தார். பின்கதவின் மேல் 'மாணவர் வாயில்' என்று பெரிதாக எழுதச் சொன்னார். சாலைப்பக்க கேட்டில் 'விருந்தினர் வாயில்'. அதற்கு ஒரு பூட்டு.

திங்கட்கிழமை எல்லாப் பிள்ளைகளும் தெற்குத் தெரு வழியாக வந்தார்கள். வேலுச்சாமி மட்டும் பூட்டிய கேட்டருகே நின்று, "விருந்தினர்னா யாரு டீச்சர்?" என்று கேட்டார்.

"உங்களைப் போன்றவர்கள்தான். ஆண்டு விழாவுக்கு வாருங்கள், திறந்துவிடுகிறோம்."

மனிதருக்குப் பரம திருப்தி. முனியாண்டி புதிய எழுத்துகளின் கீழே நின்று, மகளை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "மாணவர் வாயில்னா சரி. உள்ள போ."

சாலை, லாரி, அரசாங்கம் என்று நாம் எத்தனையோ இடையூறுகளைச் சொல்கிறோம். இங்கே குறுக்கே கிடந்தது ஒரு சொல். அதை அன்றைய கூட்டத்திலேயே எடுத்துப் போட்டிருக்க முடியாதா? அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே...

செய்தியைச் சொல்ல நானே செல்வியின் வீட்டுக்குப் போனேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"தெரியும்யா. போன ஞாயித்துக்கெழமயே கூப்புடப் போயிருந்தேன். வர மாட்டேன்னுட்டா. அங்க கூட வெளையாடச் சேக்காளிக கெடச்சுட்டாக. நான் கெளம்பாம ஒக்காந்திருந்தேன். 'நீ போம்மா, பஸ்ஸு போயிரும்'ங்குறா."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

ஒரு சொல்லை மாற்ற எங்கள் ஊருக்குச் சில வாரங்கள் தேவைப்பட்டன... அம்மா இல்லாமல் உறங்கப் பழக ஒரு குழந்தைக்கு அது போதுமாயிருந்தது.