ஐஸில் வைக்காத குடுவை

போன ஐப்பசியில் காலமான அமுதவல்லி, தன் ஆராய்ச்சியைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார். "பாலிமர்னா நீளச் சங்கிலி. ஒரு முனைக்குத் தண்ணி புடிக்கும், மறு முனைக்குப் புடிக்காது. புடிக்காத முனையெல்லாம் உள்ள ஒளிஞ்சுக்கிட்டு, தானாவே உருண்டையாக் கூடிக்கும். நான் வேடிக்க பாக்குறவ, அவ்வளவுதான்."

அவர் இலுப்பூர்க் கடலை வியாபாரியின் மகள். புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆசிரியை. கண்ணுக்குத் தெரியாத அந்த உருண்டைகளுக்குள் புற்றுநோய் மருந்தை அடைத்து அனுப்ப முடியும் என்று பதினோரு வருடம் முட்டி மோதினார். ஒருவழியாக, நான்கு முறை உருண்டைகள் ஒரே அளவில் திரண்டன. கட்டுரை வெளிவந்தது. மகிழ்ந்துபோன நிர்வாகம் ஆய்வகத்துக்கு இன்வெர்ட்டர் வாங்கிக் கொடுத்தது.

அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. வெறும் கட்டிகள்தான். தங்களுக்கும் வரவில்லை என்று புனேயிலிருந்து ஓர் ஆய்வுக் குழு எழுதியது.

துறைத்தலைவர் ரகுநாத் அவரை அழைத்தார். "புனேக்காரங்களுக்கு, ஒங்க ஊருத் தண்ணி சரியில்லன்னு எழுதிப்போட்டுட்டு சும்மா இருங்க அமுதவல்லி. அடுத்த மாசம் பேராசிரியர் ஆர்டர் வருது. இப்பப் போயி வாயத் தொறப்பாங்களா?"

"எனக்கே வரலையே சார்."

அந்த வாரமே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதினார். பதவி வேறொருவருக்குப் போயிற்று. கல்லூரி வளாகத்தில் கண்டதையும் பேசினார்கள். அமுதவல்லி பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆய்வக உதவியாளர் உடையப்பனுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒருநாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்களே, அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பில் வட்டமிடுவார். முந்தின நாளே தொட்டியை நிரப்ப வேண்டும். பழைய காலண்டர்களும் அதே ஆணியில்தான் தொங்கின. அமுதவல்லி நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஜெயித்த நான்கு நாளும் நான்கு சிவப்பு வட்டங்கள். மின்சார அடுப்பில் சுடுஎண்ணெய்க்குள் நிற்கும் குடுவையை, அவர் வகுப்பில் இருக்கும் பன்னிரண்டு மணிக்கு ஐஸுக்கு மாற்றி, நோட்டில் அதற்கான கட்டத்தை நிரப்புவது உடையப்பனின் வேலை.

"உடையப்பண்ணே, இந்த நாள்லயெல்லாம் பன்னெண்டு மணிக்குக் குடுவைய ஐஸ்ல வச்சீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஒம்பதுக்கே கரண்டு போயிருச்சு மேடம். போயிப் பாத்தா சுடுஎண்ணெயில நின்னபடியே தானா ஆறிக் கெடந்துச்சு. ஆறுனத என்னத்துக்கு ஐஸ்ல வைக்கணும்னு விட்டுட்டேன். இன்வெர்ட்டர் வந்தப்புறம் அடுப்பு நிக்கிறதே இல்ல, தவறாம ஐஸ்ல வச்சிடுறேன்."

"நோட்ல ஐஸ்னு எழுதியிருக்கே?"

"கட்டம் காலியா இருந்தா நீங்க வைவீங்களே!"

அமுதவல்லிக்குச் சிரிப்பு வந்தது; கூடவே உறுத்தியது. வகுப்பிலிருந்து ஒருநாளாவது இறங்கி வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கட்டம் போட்டுக் கொடுத்ததும் அவர்தான், காலியாக இருந்தால் கடிந்ததும் அவர்தான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அடுப்பைத் தானே அணைத்துவிட்டு, குடுவைக்கு எதிரே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவசரமில்லாமல் ஆறிய சங்கிலிகள் ஒரே அளவில் திரண்டிருந்தன. இரண்டு வருடம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்த பிறகே புதிய கட்டுரையை அனுப்பினார். அதில் இரண்டாவது பெயர் உடையப்பன்.

"தப்புப் பண்ணவன் பேரையா போடுறது?" என்று பதறினார் அவர்.

"எந் தப்புக்கு எம் பேரு முன்னாடியே இருக்குல்ல. சும்மா இருங்கண்ணே."

பேராசிரியர் பதவி கடைசிவரை வரவில்லை. மருந்தும் இன்னும் நோயாளியிடம் போய்ச் சேரவில்லை. அந்த வேலையை இப்போது அவருடைய மாணவி ரஞ்சிதா செய்கிறாள். போன வாரம் அவள் நோட்டை நிரப்பிக்கொண்டிருந்தபோது உடையப்பன் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"செய்யலேன்னா கட்டத்தக் காலியாவே விடும்மா. மேடம் வைய மாட்டாங்க."