சலூன்காரர் வைத்த பெயர்

கழுத்தில் கத்தி இருக்கும்போது எவனும் பதில் பேச மாட்டான். சலூன்காரர் இத்தனை வருஷம் தன் கடையில் ராஜாவாக இருந்தது அந்த ஒரு தைரியத்தில்தான். முகம் முழுக்க நுரையைப் பூசி, தலையைப் பின்னால் சாய்த்துவிட்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பார். மாட்டியவன் மல்லாந்து கிடப்பான். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

அதிகம் மாட்டியவர் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ். ஆண் நர்ஸ். முப்பது வயசிருக்கும், நல்ல உயரம். தெருவில் வேறு சலூன் கிடையாது, அதனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார்.

"நர்ஸம்மா வந்தாச்சு, வழி விடுங்கப்பா" என்பார் சலூன்காரர். அவர் ஆரம்பித்து வைத்தது, இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது.

பெயர் வந்த கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் குடலிறக்கம். ஆபரேஷனுக்கு முன்பு அடிவயிற்றில் முடி எடுக்க வந்தவர் இந்த நர்ஸ்தான். "கத்தியை இப்படியா பிடிப்பாங்க தம்பி" என்று படுத்த படுக்கையிலேயே பாடம் நடத்தினார் சலூன்காரர். அந்த ஜம்பமெல்லாம் ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையோடு சரி. எழுந்திருக்க முடியவில்லை, கூப்பிட வெட்கம், படுக்கையிலேயே ஆகிவிட்டது. துணைக்கு இருந்த மகன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். நர்ஸ் திரையை இழுத்துவிட்டார். ஒரு சுளிப்பு இல்லை, ஒரு முனகல் இல்லை. துடைத்து, புரட்டி, புது விரிப்புப் போட்டு, "இதெல்லாம் சகஜம், அண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒருநாள் நர்ஸ் சலூனுக்குள் வந்து நின்றார். பெஞ்சில் டெய்லர், மீன்கடைக்காரர் என்று வாய்க்காரப் பயல்கள் எல்லாரும் இருந்தார்கள். இவர் பாட்டுக்கு ஆஸ்பத்திரிக் கதையை எடுத்துவிட்டால் மானம் போய்விடும். முந்திக்கொண்டார். "வாங்க நர்ஸம்மா." கடையே சிரித்தது. அன்றைக்குத் தப்பித்தார்.

இந்த வருஷம் மகன் பன்னிரண்டாவது முடித்தான். டாக்டருக்கு மார்க் எட்டாது என்று எல்லாருக்கும் தெரியும். வேறு எந்த மருத்துவப் படிப்பு என்பதுதான் பேச்சு. நர்ஸிங், நாலு வருஷம், என்றான் பையன்.

"பொம்பளைங்க வேலைடா அது" என்றார் சலூன்காரர். "பார்மஸி எடு. நாளைக்கு ஒரு மருந்துக்கடை போடலாம். கண்ணாடிக் கதவு, ஏசி, உக்காந்துகிட்டே வியாபாரம்."

"மருந்து விக்க ஆசை இல்லப்பா. நோயாளி பக்கத்துல நிக்கணும்."

"அப்ப பிசியோதெரபியாவது படியேன்" என்றாள் அம்மா, நடுவில் புகுந்து. எடுபடவில்லை. பையன் நர்ஸிங்கை முதல் விருப்பமாகப் போட்டு விண்ணப்பித்துவிட்டான். வீட்டில் கொஞ்ச நாள் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

ஒரு ஞாயிறு சாயங்காலம் அவனே வந்து, "பார்மஸியை மேலே மாத்திட்டேன்" என்றான். ஜெயித்துவிட்டோம் என்று சலூன்காரருக்குத் தோன்றவில்லை. பையன் சாப்பிடாமல் எழுந்து போனான்.

"அந்த நர்ஸைப் போய்ப் பார்த்துப் பேசினானாம். அதுக்கப்புறம்தான் மாத்தினான்" என்றாள் மனைவி.

அடுத்த ஞாயிறு நர்ஸ் வந்து உட்கார்ந்தார். சலூன்காரர் நேராகத் துணியை உதறிப் போர்த்தினார்.

"என்னய்யா, நர்ஸம்மாவுக்கு இன்னைக்கு வரவேற்பு இல்லையா?" என்றார் டெய்லர்.

நுரை பூசி, தாடைக்குக் கீழே கத்தியை வைத்துக்கொண்டுதான் சலூன்காரர் கேட்டார். "பையன்கிட்ட என்ன சொன்னீங்க தம்பி?"

நர்ஸின் கண் மட்டும் கத்தியைப் பார்த்தது. சலூன்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கத்தியை எடுத்து மடக்கி மேஜையில் வைத்தார்.

"நல்ல படிப்புன்னுதான் சொன்னேன்" என்றார் நர்ஸ், நுரையோடு. "சேர்றதுக்கு முன்னாடி உங்க அப்பா கடையில ஒருநாள் உக்காந்து பாரு, அதைத் தாங்க முடிஞ்சா சேருன்னேன். போன வாரம் வந்து உக்காந்தான்."

போன வாரம். பையன் பெஞ்சின் ஓரத்தில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. கடைக்கே வராதவன் வந்திருக்கிறானே என்று அன்றைக்கு அவருக்கு உற்சாகம் வேறு. "நர்ஸம்மாவுக்கு கவுன் தைக்கணுமாம், டெய்லர், அளவெடுங்க" என்று ஆரம்பித்து, முடி வெட்டி முடிகிறவரை விடவில்லை. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பையன் பேப்பரை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை.

சலூன்காரருக்குக் காது சுட்டது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

"ஆஸ்பத்திரியில நான் படுக்கையை அசிங்கம் பண்ணிட்டேன்" என்றார். "இவர்தான் கழுவி விட்டாரு. அது உங்க காதுக்கு வந்துடக் கூடாதுன்னுதான் அந்தப் பேரை வச்சேன்."

மீன்கடைக்காரர் சிரிக்கப் பார்த்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். டெய்லர் தெருவைப் பார்த்தார்.

"இதைக் கேக்க நான் இங்க வரல" என்றார் நர்ஸ். "வீட்டுல போய்ச் சொல்லுங்க அண்ணே. நாளைக்கு விண்ணப்பத்தை மூடிடுவாங்க." மீதித் தாடியை மழிக்கச் சொல்லித் தாடையை நிமிர்த்தினார். சலூன்காரர் கத்தியை விரித்து மழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரை இறக்கியதை அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது. வீட்டில் பையன் படுத்துக்கிடந்தான். கடையில் சொன்னதையே சலூன்காரர் திரும்பச் சொன்னார். மகனிடம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவன்தான் அன்றைக்குப் பக்கத்தில் நின்றவனாச்சே.

"என்னையும் அப்படிக் கூப்பிடுவாங்கல்ல?" என்றான், திரும்பாமல்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "கூப்பிடுவாங்கடா. நான்தானே பழக்கிவிட்டேன்."

பையன் எழுந்து உட்கார்ந்தான். போனைத் திறந்து விண்ணப்பத்தை எடுத்து, அவர் மடியில் வைத்தான்.

"நீங்களே மாத்துங்க."

திரை முழுக்க ஆங்கிலம். கத்தியே பிடித்த விரல் எங்கே தொடுவதென்று தெரியாமல் நின்றது.

"எதுடா நர்ஸிங்?" என்று கேட்டார்.