மலைக்குப் போனவளின் கோட் நிறம்

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு மனைவி அழைத்தாள். நான் லொங்குய்ய் நகரத்து வீட்டில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அவள் காலையில், பனிச்சப்பாத்து போட்டு நடப்பதற்காக, வடக்கே மலைக்காட்டுப் பக்கம் தனியாகக் கார் ஓட்டிப் போயிருந்தாள்.

“கால் பிரண்டுபோச்சு. எழும்ப ஏலாமல் கிடக்கு.”

“எவ்விடத்திலை நிக்கிறீர்?”

அழைப்பு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப முயன்றும் இணைப்புக் கிடைக்கவில்லை. குளிரில் போனின் பற்றரி செத்துவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவசர உதவிக்கு அழைத்தேன். ஒரு பெண் பிரெஞ்சில் நிதானமாகக் கேட்டாள். எந்தப் பாதை? தெரியாது. காரை எங்கே நிறுத்தினார்? தெரியாது. சாப்பாடு, நெருப்புப்பெட்டி கொண்டுபோனாரா? தெரியாது.

“எந்த நிறக் கோட் போட்டிருக்கிறார்?”

அதுவும் தெரியவில்லை. காலையில் அவள் வாசலில் நின்று பாதையின் பெயரைச் சொன்னது நினைவிருந்தது. நான் போனைப் பார்த்தபடி “ஓம், ஓம்” என்றிருந்தேன். ஏதோ ஏரியின் பெயர் என்று மட்டும் சொன்னேன்.

“இங்கே ஏரிகளுக்குக் குறைவில்லை, ஐயா” என்றாள் அந்தப் பெண்.

கார் இலக்கம் மட்டும் எனக்குப் பாடம். அதைச் சொன்னேன். பிறகு வாசலில் கோட் மாட்டும் கொளுக்கிகளைப் போய்ப் பார்த்தேன். கறுப்புக் கோட் தொங்கியது. அவளிடம் இருப்பது இரண்டே கோட்; அப்படியென்றால் சிவப்பு. கீழே, ஹீற்றருக்கு மேல், அவளுடைய தடித்த கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. அதையும் சொன்னேன். அந்தப் பெண் குறித்துக்கொண்டாள்.

வீட்டிலேயே இருக்கச் சொன்னாள். நாலரைக்கே இருட்டிவிட்டது. பனி கொட்டத் தொடங்கியது. மனைவியின் கால்தடங்கள் மூடிக்கொண்டிருக்கும் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. ஐந்தரைக்கு மீட்புக்காரர்கள் அழைத்து, காரைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார்கள். காரை மட்டும்.

ஏழு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

“நான்தான்” என்றாள்.

எனக்கு அழுகை வெடித்தது.

“அழாதேங்கோ. இது மீட்க வந்தவையின்ரை போன், கன நேரம் கதைக்க ஏலாது.”

ஒரு ஊசியிலை மரத்தின் கீழ் பையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கைகளைக் கமக்கட்டுக்குள் வைத்தபடி, வாயில் கவ்விய விசிலை விட்டுவிட்டு ஊதியிருக்கிறாள். மீட்புக்காரர்களுக்கு முதலில் கேட்டது அந்தச் சத்தம். பிறகுதான் விளக்கு வெளிச்சத்தில் சிவப்பு தெரிந்ததாம். சறுக்குவண்டியில் கிடத்தி இறக்கினார்கள். கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. இரண்டு விரல்நுனிகள் மரத்துப்போய், பல வாரங்களுக்குப் பிறகே உணர்ச்சி வந்தது.

நண்பர் ஒருவரின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“பாதையின்ரை பேரை உங்களுக்குச் சொன்னனான்” என்றாள்.

“சொன்னனீர். நான் கேக்கேல்லை.”

அவள் கோபிக்கவில்லை. கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த பனிக்காலம் அவள் மறுபடி புறப்பட்டபோது நானும் போனேன். அரை மணிக்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அவள் முன்னால் போவாள். வளைவில் நின்று, நான் கண்ணில் படும்வரை காத்திருப்பாள்.